கடலில் வீசிய துண்டு

தூத்துக்குடி
20-7-81

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மெஸ் சாப்பாடுதான் நன்றாக இல்லை. நேற்று வைத்த சாம்பாரில் பருப்பைத் தேடிப் பார்த்துவிட்டுக் கை கழுவினேன். நீயும் பிள்ளை சீனியும் சுகமா?

ஒரு நல்ல செய்தி. துறைமுகக் குடியிருப்பில் எனக்கு வீடு ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அறை, தனியாகச் சமையல்கட்டு, பின்பக்கம் துவைக்கிற கல். வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, பயப்படாதே, உப்பளம்தான் தெரியும். உன் தையல் மிஷினைப் போட முன்னறையில் வெளிச்சமான மூலை இருக்கிறது. நானே போய் நின்று பார்த்தேன்.

ஆவணி முடிவதற்குள் குடும்பத்தோடு குடிவர வேண்டும் என்பது விதி. வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற ஆளுக்குப் போய்விடும். அப்புறம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக நான் இங்கேயும் நீங்கள் வில்லாபுரத்திலும் கிடப்பது போதும். சீனி என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள். போன தடவை, "இந்த மாமா எப்பப் போவாரு?" என்று உன்னிடம் கேட்டாளே, அது எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாயா?

சரி என்று ஒரு வரி எழுது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து முத்திருளன் மாப்ள சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வருகிறான். மில் ஆபீசில் என்னோடு வேலை பார்த்த கல்யாணராமனையும் பழங்காநத்தத்திலிருந்து கூட்டி வருகிறான். சும்மா துறைமுகம் பார்க்கத்தான்.

உன்
நல்லகாமன்


வில்லாபுரம்
23-7-81

மச்சானுக்கு அன்னக்கொடி எழுதுவது.

நானும் பிள்ளையும் நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறோம். உங்கள் சாம்பாரில் பருப்பு இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்? கல்யாணத்துக்கு முன்னால் என் சமையலைக் குறை சொன்ன வாய்தானே அது, கொஞ்ச நாள் கிடக்கட்டும்.

வீடு கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் முழுசாகப் படியுங்கள்.

எனக்குக் கடலைக் கண்டால் பயம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். கடல் என்னை என்ன செய்யப்போகிறது? அது அதன் இடத்தில் கிடக்கிறது. போன மார்கழியில் சீனிக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்ததே, அன்றைக்கு நீங்கள் இங்கே இல்லை. நான் வாசலில் நின்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டேன். எதிர்வீட்டு இருளாயி அக்கா கொதிக்கிற உலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். சின்னக்கருப்பன் அண்ணன் சட்டைகூடப் போடாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டது, வந்தார்கள். அதனால்தான் நம் பிள்ளை இன்றைக்குக் கதவுக்குப் பின்னால் ஒளிகிறது.

அந்த ஊரில் நீங்கள் வேலைக்குப் போனபிறகு நான் சத்தம் போட்டால் யார் வருவார்? வேப்பமரமா வரும்? இதற்கு ஒரு பதில் எழுதுங்கள், மிஷினை நானே தலையில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

அப்புறம், துறைமுகம் பார்க்க வருகிற முத்திருளன் அண்ணன், சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சினர் கொண்டுவந்த, நரம்பு சுற்றுகிற ராட்டினம் வைத்த தூண்டிலைக் கடை வாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாராம். துறைமுகம் பார்க்கத் தூண்டில் எதற்கு? ஆடிக்காற்று இங்கேயே கூரை ஓட்டைப் பிய்க்கிறது. கடலுக்குள் போகக்கூடாது, சொல்லிவிட்டேன்.

அன்னக்கொடி


தூத்துக்குடி
28-7-81

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். துறைமுகம் பார்த்தார்கள். கப்பலைப் பார்த்தார்கள். பெரிய கப்பல். முத்திருளன் கொண்டுவந்த தூண்டிலைக் கரையோரமாகக் கொஞ்சம் போட்டுப் பார்த்தோம். காற்று இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாரும் சௌக்கியமாக ஊர் திரும்பிவிட்டார்கள்.

கை கொஞ்சம் வலிப்பதால் இதோடு முடிக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் எழுதுகிறேன். இந்தக் குடியிருப்பில் எல்லாரும் நல்லவர்கள்தான்.

உன்
நல்லகாமன்


வில்லாபுரம்
2-8-81

மச்சானுக்கு,

கப்பலைப் பார்த்தார்கள், பெரிய கப்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சீனிகூட இதைவிட நன்றாகப் பொய் சொல்வாள்.

முத்திருளன் அண்ணன் புதன்கிழமை இந்தப் பக்கம் வந்தார். கையில் ஒரு பை தூத்துக்குடி மக்ரூன் மிட்டாய். நான் பையை வாங்கிப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். நம் ஆட்கள் ஒரு மீன் பிடித்தால் அதைத் துண்டு போட்டாவது சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் கொடுத்துவிடாமல் இருந்ததுண்டா? கண்மாயில் ஒரு விரால் பிடித்தாலே தெரு முழுக்கக் குழம்பு மணக்கும். கடலில் தூண்டில் போட்ட மனிதர் ஒரு கருவாடுகூடக் கொண்டுவரவில்லை. "மீனே கெடைக்கலையாண்ணே?" என்று கேட்டேன். கிடைத்தது என்றார். எங்கே என்றேன். மக்ரூன் நல்லா இருக்கும், சாப்பிடு தாயி என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை கல்யாணராமன் சார் வீட்டு ஜானு அம்மா ஜாக்கெட் துணி கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு அங்கவஸ்திரம். அவர்களுடைய கல்யாணத்துக்கு எடுத்ததாம். ஜரிகை ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. நடுவில் படகு மிஷின் எண்ணெய் அப்பியிருக்கிறது. இதைத் தைக்க முடியுமா என்று கேட்டார்கள். இது எப்படி ஆச்சு என்று கேட்டேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். "உங்காத்துக்காரர் படகு மூக்குல ஏறி நின்னுண்டு இதை வீசினாராமே, உனக்குத் தெரியாதா?" என்றார்கள்.

படகு மூக்கு கரையோரமாகவா இருந்தது?

நான் ஜானு அம்மா முன்னால் தெரிந்த மாதிரியே தலையாட்டிக்கொண்டேன். அதுதான் எனக்கு ரொம்பக் கோபம். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன், ஊருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதே.

என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கை வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுதுங்கள்.

அன்னக்கொடி


தூத்துக்குடி
6-8-81

அன்புள்ள அன்னக்கொடி,

எழுதுகிறேன். மறைத்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. தெரிந்தால் வீட்டுப் பேச்சையே எடுக்கமாட்டாய் என்றுதான்.

ஞாயிறு விடிகாலையில் ஒரு சின்ன விசைப்படகு பேசிக்கொண்டு கிளம்பினோம். படகுக்காரர் முதலிலேயே யோசித்தார். கல்யாணராமன்தான் விடவில்லை. அவன் மீன் சாப்பிடுகிற ஆளா, என்ன? ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருக்கிறான், தூண்டிலில் பெரிய மீனைப் பிடித்து, அளந்து, தட்டிக்கொடுத்துத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்களாம், அதுதான் விளையாட்டாம். "விடுறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" என்று முத்திருளன் முயல்தீவு தாண்டும் வரைக்கும் அவனோடு மல்லுக்கு நின்றான்.

தீவைத் தாண்டியதும் இருவர் வாயும் மூடிக்கொண்டது. ஆடிக்காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் சாதுவாகத் தெரியும். உள்ளே போகப் போகத்தான் அதன் குணம் தெரிகிறது. படகு மேலே ஏறும்போது வானம், இறங்கும்போது சுற்றிலும் தண்ணீர்ச் சுவர். என் துண்டு பறந்து போய்விட்டது. மூன்று பேருமே வாந்தி எடுத்தோம். கல்யாணராமன் காதைச் சுற்றி அங்கவஸ்திரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுலோகம் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

மீன் நிற்கிற பாறைப் பக்கம் வந்து நங்கூரம் போட்டபோது காற்று கொஞ்சம் அடங்கியது. படகுக்காரர் மிஷினில் ஏதோ ஒழுகுகிறது என்று கீழே இறங்கிக் குனிந்துவிட்டார். எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. முத்திருளன் தூண்டிலில் இரை கோத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், போடவில்லை. என்னடா என்றேன். "துண்டை வீசு மாப்ள. உங்கப்பா வீசாம நம்ம கண்மாய்ல எவன் எறங்கியிருக்கான்?" என்றான்.

உனக்குத் தெரியாததா? மீன்பிடி நாளில் கூடையோடு கரையில் நின்றவள்தானே நீ. ஆயிரம் பேர் நின்றாலும் அப்பா கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசினால்தான் தண்ணீரில் கால் வைப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமை எனக்குத்தான் வரும். அது நடுக்கடலில் ஞாபகம் வந்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? கல்யாணராமன் காதிலிருந்து அங்கவஸ்திரத்தை உருவினேன். படகின் மூக்கில் ஏறி நின்று, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நன்றாக ஓங்கி வீசினேன்.

தூண்டிலைப் போட்டுக் கல்யாணராமன் கையில் கொடுத்ததும் மீன் மாட்டியது. பெரிய பாரை மீன். ராட்டினம் கத்துகிறது, அவன் அதைவிடக் கத்துகிறான். நாங்கள் இருவரும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டோம். மீன் மேலே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தரம் ஏறி இன்னும் வேகமாக வீசினேன்.

அப்போதுதான் தூரத்தில் ஒரு படகு எங்களை நோக்கி வருவதைப் பார்த்தோம். அலைக்கு நேர் எதிராக வருகிறது. ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் காணாமல் போகிறது. "நம்ம மீனைப் பாக்க வாராக மாப்ள" என்று முத்திருளன் பாரையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்பில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

பக்கத்தில் வந்ததும் அதிலிருந்த பெரியவர் கேட்டது ஒன்றுதான். "யாரு விழுந்தது? எத்தனை பேரு?"

படகுக்காரர் மேலே ஏறிவந்து, என் கையிலிருந்த துணியைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். கடலில் துணியை வீசினால் ஆபத்து, வந்து காப்பாற்று என்று அர்த்தமாம். அவர்கள் கடலில் விரித்திருந்த வலையை இழுக்க நேரமில்லாமல் அறுத்து விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் படகில் இருந்த இளவட்டம் ஒருவன் எங்களைப் பார்த்துக் கத்தினான். கத்தாமல் என்ன செய்வான்? நான் உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஊர்க் கண்மாயையும் அப்பாவையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது.

பெரியவர் பேர் சந்தியாகு. கேட்டுவிட்டு எங்களை ஒருமுறை தலை எண்ணினார். "ஆளு எல்லாம் இருக்குல்லா, அது போதும்" என்றார். கத்தினவனிடம் திரும்பி, "துண்டப் பாத்தா வரணும்ல. யாரு வீசுனா, எதுக்கு வீசுனான்னு கேட்டுட்டா வர முடியும்?" என்றார்.

அதற்குள் காற்று மறுபடி பிடித்துக்கொண்டது. வந்ததற்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே கயிற்றை வீசி, எங்கள் படகைத் தன் படகோடு கட்டிக்கொண்டார். எங்கள் மிஷின் ஒழுகிக்கொண்டிருந்ததால் படகுக்காரரும் மறுக்கவில்லை. கரை வருகிற வரைக்கும் அலை தலைக்குமேல் வந்து விழுந்தது. நானும் முத்திருளனும் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தோம். கை வலித்தது அதனால்தான். அந்த ஒன்று மட்டும் நான் பொய் எழுதவில்லை.

கரையில் இறங்கியதும் பாரையை அவர் படகில் வைத்தோம். மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்ற கல்யாணராமனே, அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டான். நம் வீட்டுக்கு மீன் வராத காரணம் இதுதான்.

மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். பாதி வலை கிடைத்துவிட்டது, அவரும் வீட்டம்மாவும் உட்கார்ந்து அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முடிச்சையெல்லாம் அந்த அம்மா பேசாமல் அவிழ்த்துத் திரும்பப் போட்டது. டீ கொடுத்தார்கள். கண்மாய்க் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். குடும்பம் எங்கே என்று கேட்டார்கள், மதுரையில் என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். இனி உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. நீ கேட்ட கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. வீடு வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் ஆபீசில் கொடுத்துவிடுவேன். எனக்குப் பின்னால் இருக்கிறவருக்கு மூன்று பிள்ளைகள், அவராவது நன்றாக இருக்கட்டும். சீனியிடம் நான் மாமா இல்லை என்று மட்டும் அடிக்கடி சொல்லிவை.

நல்லகாமன்


வில்லாபுரம்
10-8-81

என் மச்சானுக்கு,

வீடு வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிற தாளை முதலில் கிழித்துப் போடுங்கள். கிழித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். முத்திருளன் அண்ணன் மீனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அலை வந்த இடத்தில் உங்களைத் திட்டினேன். அப்புறம் அந்தப் பெரியவர் தலை எண்ணிய இடத்தில் அழுதுவிட்டேன். இருளாயி அக்கா என்ன என்று கேட்டு ஓடிவந்தாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

பதில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நாலு பக்கத்துக்கு வேறு என்ன எழுதியிருக்கிறீர்கள்? அந்த ஊரில் நான் சத்தம் போட்டால் யார் வருவார் என்றுதானே கேட்டேன். ஒன்றுமே ஆகாதபோது, வேலையற்றுப்போய் நீங்கள் ஒரு துணியை வீசினீர்கள். யாரென்று தெரியாது, என்ன சாதி சனம் என்று தெரியாது, வலையை அறுத்துப் போட்டுவிட்டு ஒரு படகே வந்திருக்கிறது. உலையை இறக்கி வைத்த இருளாயி அக்காவுக்கும் வலையை அறுத்த அந்தப் பெரியவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இருளாயி அக்காவே சொன்னாள், "அங்கிட்டும் நம்ம தெரு மாதிரி ஆளுக இருக்காக போலடி, போ" என்று. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டாள். அவளை விட்டுவிட்டு வருவதுதான் எனக்குக் கஷ்டம். சமையல்கட்டும் துவைக்கிற கல்லும் அதற்கு ஈடாகாது, ஆனாலும் வருகிறேன்.

நேற்று திருமங்கலத்தில் பஸ் மாறி ஊருக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. துண்டு விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். கண்மாயில் தப்பாகத் துண்டு வீசிவிட்டால் ஊரைக் கூட்டிச் சோறு போட வேண்டும் என்பதுதான் நம் ஊர்க் கட்டு. கடலில் வீசியவனுக்கும் அதே கட்டுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தப் படகில் வந்த அத்தனை பேருக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் நம் புது வீட்டில் விருந்து. கடல்காரர்களுக்கு மீன் குழம்பு வைத்து நான் பேர் வாங்க முடியாது. மாமா இரண்டு சேவல் கொடுத்துவிட்டிருக்கிறார். இப்போது இங்கே கட்டிலுக்கடியில் கட்டிப் போட்டிருக்கிறேன், சீனி அவற்றுக்குப் பேர் வைத்துவிட்டாள். அதனால் அங்கே வந்து எப்படி அடித்துக் குழம்பு வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் வேறு இரண்டு பார்த்து வையுங்கள்.

இன்னொன்று. இனிமேல் கடலுக்குப் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். சொன்னால் கப்பல் பார்க்கப் போவீர்கள். காற்று இல்லாத மாதத்தில் போங்கள், என்னையும் கூட்டிப் போங்கள்.

ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் சீனியும் வருகிறோம். மிஷினையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு முத்திருளன் அண்ணன் முந்தின நாளே வந்துவிடுவார். மக்ரூன் கொடுத்து என்னை ஏமாற்றப் பார்த்ததற்கு அவருக்கு நான் வைத்த தண்டனை இது. கல்யாணராமன் சாரின் அங்கவஸ்திரத்தைத் தைத்துக் கொடுத்துவிட்டேன், எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. ஜானு அம்மா அது அப்படியே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணன் கையில் மாமா ஒரு வெள்ளைத் துண்டு கொடுத்துவிட்டிருக்கிறார். கண்மாயில் அவர் வீசுகிற அதே துண்டு. அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.

பஸ் நின்றாலும் நான் இறங்கமாட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நிற்பேன். எத்தனை பேர் பார்த்தாலும் வெட்கப்படாமல் அந்தத் துண்டை எடுத்து, படகு மூக்கில் வீசிய மாதிரியே ஓங்கி ஒரு வீச்சு வீச வேண்டும். நீங்கள் வீசாமல் நான் அந்த ஊரில் கால் வைக்கமாட்டேன்.

கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் வீசிவிடுங்கள்.

அன்னக்கொடி